சாதனைப் பக்கத்தில் ஒரு அறைகூட இல்லை

தங்கச்சி பொண்ணு ப்ளஸ் டூ முடித்துவிட்டாள். எஞ்சினியரிங் வேண்டாமாம், இன்டீரியர் டிசைன்தான் படிப்பாளாம். அவர்கள் வீட்டில் ஒரு வாரம் பஞ்சாயத்து நடந்து, கடைசியில் வழக்கம்போல என் தலையில் வந்து விடிந்தது. "அண்ணா, நீதான் எதுக்கெடுத்தாலும் ஆராய்ச்சி பண்றவனாச்சே. இந்தக் காலேஜையெல்லாம் பார்த்து எது தேறும்னு சொல்லு" என்று தங்கச்சி ஒரு பட்டியலை வாட்ஸப்பில் அனுப்பினாள்.

கல்வெட்டும் பழைய கெஜட்டியரும் படிக்கிறவனுக்கு இது என்ன வேலை என்று கேட்காதீர்கள். ஒரு காலத்து மனிதர்கள் எதைப் பெருமையாக நினைத்தார்கள் என்பதைத்தான் கல்வெட்டிலும் தேடுகிறோம். மெய்க்கீர்த்தியில் ராஜா வென்ற நாடுகளின் பட்டியல் இருக்கும், ஊரில் தண்ணீர் வந்ததா என்று இருக்காது. காலேஜ்களின் "செய்திகளும் சாதனைகளும்" பக்கம் நம் காலத்து மெய்க்கீர்த்தி. அப்படி நினைத்துக்கொண்டுதான் இரண்டு சனி, ஞாயிறு உட்கார்ந்து பத்துப் பன்னிரண்டு காலேஜ்களின் பக்கங்களைப் படித்தேன். எந்தக் காலேஜ் பெயரையும் இங்கே சொல்லப்போவதில்லை. சொன்னாலும் பிரயோஜனம் இல்லை, ஒன்றின் பெயரை அழித்து இன்னொன்றின் பெயரைப் போட்டாலும் பக்கம் அப்படியே பொருந்தும்.

என்ன இருக்கிறது? சிறப்பு விருந்தினர் உரை. ப்ளைவுட் கம்பெனியோடு புரிந்துணர்வு ஒப்பந்தம். டைல்ஸ் ஷோரூமுக்குத் தொழில்துறைப் பயணம். நாக் தர மதிப்பீடு. முன்னாள் மாணவர் சந்திப்பு. மாநில அளவிலான போட்டியில் இரண்டாம் பரிசு. வேலைவாய்ப்பு முகாம். ஓணம், பொங்கல், மகளிர் தினம். படங்களில் எல்லோரும் ஃப்ளெக்ஸ் பேனருக்கு முன்னால் வரிசையாக நிற்கிறார்கள். நடுவில் பொன்னாடையோடு ஒருவர். கையில் பூங்கொத்து அல்லது ஒரு செடித்தொட்டி. (இப்போதெல்லாம் செடித்தொட்டிதான், அதுவரைக்கும் சந்தோஷம்.)

நாலைந்து பக்கம் தாண்டிய பிறகுதான் எனக்கு உறைத்தது. அறைகளைப் பற்றிய படிப்பு இது. ஆனால் இத்தனை படங்களில் ஒரு அறைகூட இல்லை. பேனர்தான் அறையை மறைத்துக்கொண்டு நிற்கிறது.

வாக்கியங்களைப் பாருங்கள். "நடைபெற்றது", "வழங்கப்பட்டது", "கலந்துகொண்டு பயனடைந்தனர்". எழுவாய் எப்போதும் விருந்தினர் அல்லது நிகழ்ச்சி. மாணவர்கள் வாக்கியத்தின் கடைசியில் பயனடைவதோடு சரி. ஒரு பெண் பரிசு வாங்கியிருக்கிறாள் என்று செய்தி. எதற்கு வாங்கினாள்? "சிறந்த வடிவமைப்புக்காக." எந்த வடிவமைப்பு? அது வீடா, ஆஸ்பத்திரி வரவேற்பறையா, அங்கன்வாடியா? எத்தனை சதுர அடி? என்ன செலவு? யாருக்காக? நடுவர்கள் அதில் என்ன கண்டார்கள்? ஒன்றும் கிடையாது. அவள் பெயரும் இனிஷியலும் பதிவெண்ணும் தப்பில்லாமல் இருக்கின்றன. அவள் செய்த வேலை மட்டும் இல்லை.

என் தொழிலில் ரிலீஸ் நோட்ஸ் என்று ஒன்று உண்டு. இந்த வெர்ஷனில் எதைச் சேர்த்தோம், எந்தப் பிழையைச் சரிசெய்தோம், எது இன்னும் சரியாகவில்லை என்று எழுதவேண்டும். கடைசிப் பகுதிதான் முக்கியம். ரிலீஸ் நோட்ஸில் "கேக் வெட்டிக் கொண்டாடினோம்" என்று மட்டும் எழுதி அனுப்பினால் கஸ்டமர் என்ன நினைப்பான்?

சரி, இதில் எனக்கு ஏன் இவ்வளவு கோபம் என்பதையும் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் நியாயமாக இருக்காது.

ஏழெட்டு வருஷம் முன்னால் நாங்கள் ஃப்ளாட் வாங்கி உள்வேலை செய்தபோது, முறையாகப் படித்துப் பட்டம் வாங்கிய டிசைனரிடம்தான் கொடுத்தோம். நல்ல பையன், சொன்ன தேதிக்கு முடித்துக் கொடுத்தான். ஹாலில் ஃபால்ஸ் சீலிங், அதற்குள் ஒளிந்திருக்கும் மஞ்சள் விளக்கு, டிவிக்குப் பின்னால் மரப்பட்டை வைத்த சுவர். வந்தவர்கள் எல்லாரும் போட்டோ எடுத்தார்கள். அம்மாவின் பாத்ரூமுக்கு பளபளவென்று ஒரு டைல்ஸ், வாசலில் 2 அங்குலத் தடுப்பு. கதவு பில்டர் வைத்த இரண்டரை அடிக் கதவு. அதை அவன் மாற்றவில்லை, மாற்றச் சொல்ல எனக்கும் தோன்றவில்லை.

போன வருஷம் அம்மா அந்தத் தடுப்பில் இடறி, ஈர டைல்ஸில் வழுக்கி விழுந்தார். இடுப்பு எலும்பு. ஆபரேஷன் முடிந்து வீல்சேரில் வீட்டுக்கு வந்தபோதுதான் அடுத்த விஷயம் தெரிந்தது. இரண்டரை அடி என்பது நிலையையும் சேர்த்து. நிலையும் கதவின் தடிமனும் போக மிச்சம் 25 அங்குலம். வீல்சேர் இரண்டு கைவளையத்தையும் சேர்த்து இருபத்தைந்தரை. அரை அங்குலம்! அந்த அரை அங்குலத்துக்காக மூன்று வாரம் அம்மா சொந்த பாத்ரூமுக்குள் போக முடியவில்லை. என்ன செய்தோம் என்பதை எழுத வேண்டாம், அம்மாவுக்குப் பிடிக்காது.

கடைசியில் தெருமுனை ஆசாரியும் ஒரு கொத்தனாரும் வந்து நிலையைப் பெயர்த்தெடுத்து, வெளிப்பக்கமாகத் தள்ளும் கதவாகப் போட்டுக் கொடுத்தார்கள். கைப்பிடிக் கம்பி எந்த உயரத்தில் வைப்பது என்று நான் நெட்டில் தேடிக்கொண்டிருந்தேன். கொத்தனார் அதற்குள், "அம்மாவைக் கூட்டிட்டு வாங்க சார்" என்றார். ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைத்து, "எந்திரிக்கிற மாதிரி கைய ஊனுங்கம்மா" என்று சொல்லி, கை போய் நின்ற இடத்தில் சுவரில் பென்சிலால் ஒரு கோடு போட்டார். மூன்று தடவை எழுந்து உட்காரச் சொன்னார், கோடு கொஞ்சம் கீழே இறங்கியது. அங்கே துளை போட்டார்.

இன்டீரியர் டிசைன் என்ற படிப்பின் சாரமே அந்தப் பென்சில் கோடுதான் என்று எனக்குத் தோன்றியது. கொஞ்சம் மிகையாகச் சொல்கிறேனோ என்று பிறகு யோசித்தேன். ஆனால் நம் நாட்டில் டிசைன் கல்வி எங்கிருந்து ஆரம்பித்தது என்று தேடிப் போனால் அதே கோட்டில்தான் போய் நிற்கிறது.

1958ல் சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் இந்திய அரசுக்கு ஒரு அறிக்கை கொடுத்தார்கள். ஃபோர்டு ஃபவுண்டேஷன் உதவியோடு நாடு முழுக்கச் சுற்றிவிட்டு எழுதியது. அதை அடிப்படையாக வைத்து 1961ல் அகமதாபாத்தில் என்.ஐ.டி. தொடங்கப்பட்டது. அந்தச் சின்ன அறிக்கையில் அவர்கள் தங்களுக்கு மிகவும் பிடித்த இந்தியப் பொருள் என்று சொல்வது தாஜ்மகாலை இல்லை. லோட்டாவை. நம்ம ஊர் செம்பு. (நாட்டாமை படத்துக்குப் பிறகு நமக்குச் செம்பு என்றாலே சிரிப்பு. அவர்களுக்கு அந்தப் பிரச்சினை இல்லை.)

அவர்கள் செம்பை ரசித்துவிட்டு நிற்கவில்லை. இன்றைக்கு ஒருவர் இதைப் புதிதாக வடிவமைக்க உட்கார்ந்தால் என்னென்ன கேட்டிருக்க வேண்டும் என்று அடுக்கிக்கொண்டே போகிறார்கள். எவ்வளவு தண்ணீர் பிடிக்க வேண்டும், தூக்குகிறவர் கை எவ்வளவு பெரிது, தலையில் வைப்பாரா இடுப்பில் வைப்பாரா, நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் எடை எங்கே நிற்கும், உள்ளே கைவிட்டுக் கழுவ முடியுமா, சூடு கையில் ஏறுமா, கண்ணை மூடிக்கொண்டு தொட்டால் எப்படி இருக்கும், தரையில் வைத்தால் என்ன சத்தம் வரும், என்ன விலை, உடைந்தால் பழைய உலோகத்துக்கு என்ன கிடைக்கும். இத்தனையையும் எந்த ஒரு மனிதனும் வடிவமைக்கவில்லை, தலைமுறை தலைமுறையாகப் பலர் சேர்ந்து செய்தது என்கிறார்கள். அறிக்கையை இன்று படித்தால் சில இடங்களில் வெள்ளைக்காரர் இந்தியாவைப் பார்த்து உருகும் தொனி தட்டும். எனக்கும் தட்டியது. ஆனால் அந்தக் கேள்விப் பட்டியல் இன்னும் உயிரோடு இருக்கிறது. ஒரு காலேஜின் பரிசுச் செய்தியை எடுத்து அந்தக் கேள்விகளில் நாலைக் கேட்டுப் பாருங்கள். பதில் இருக்காது.

இன்னொரு சம்பவம். இது பலருக்குத் தெரிந்திருக்காது. கட்டடத்துறையில் படிப்பவர்கள் கையில் வைத்திருக்கும் அளவுப் புத்தகங்கள் எங்கிருந்து வந்தவை? எர்ன்ஸ்ட் நாய்ஃபெர்ட்டின் புத்தகம் 1936ல் ஜெர்மனியில் வந்தது. பனேரோவும் ஸெல்னிக்கும் சேர்ந்து எழுதியது 1979ல் அமெரிக்காவில் வந்தது, அதில் உள்ள அளவுகள் பெரும்பாலும் அமெரிக்க உடல்களுடையவை. நாற்காலியின் உயரம், சமையல் மேடையின் உயரம், மேல் அலமாரிக்குக் கை எட்டும் தூரம் எல்லாம் அந்த உடல்களிலிருந்து வந்தவை. நம் வீடுகளில் அம்மாக்கள் மேல் அலமாரியைத் திறக்க ஸ்டூல் போட்டு ஏறுகிறார்கள் அல்லவா, அதற்கு ஒரு காரணம் இந்தப் புத்தகங்களில் இருக்கிறது.

1997ல் தேப்குமார் சக்ரபர்த்தி என்ற ஆசிரியர் தொகுத்த இந்திய உடல் அளவுகளின் புத்தகத்தை என்.ஐ.டி. வெளியிட்டது. நாட்டின் பல பகுதிகளிலும் ஆண்களையும் பெண்களையும் அளந்து, நின்றால் கண் எந்த உயரம், உட்கார்ந்தால் முழங்கால் எந்த உயரம், கை எவ்வளவு தூரம் எட்டும் என்று அட்டவணை அட்டவணையாகப் போட்ட புத்தகம். சராசரியை மட்டும் சொல்லாமல், குள்ளமானவர், உயரமானவர் என்று இரண்டு கோடிகளையும் கொடுக்கும். இது முக்கியம். அலமாரியின் உயரத்தைக் குள்ளமானவரை வைத்து முடிவு செய்யவேண்டும், கதவின் உயரத்தை உயரமானவரை வைத்து முடிவு செய்யவேண்டும். சராசரியை வைத்துச் செய்தால் இரண்டு பேருக்குமே கஷ்டம். தரையில் சப்பணமிட்டு உட்காருவது, குந்தி உட்காருவது என்று வெளிநாட்டுப் புத்தகங்கள் கண்டுகொள்ளாத நம் நிலைகளும் யோசிக்கப்படவேண்டியவை என்ற கவனம் அந்த மாதிரி வேலைகளால்தான் வந்தது.

ஒரு டிசைன் காலேஜின் சாதனை என்றால் எனக்கு இதுதான். பொன்னாடை இல்லை, பூங்கொத்து இல்லை. டேப்பைப் பிடித்துக்கொண்டு ஆயிரக்கணக்கான முழங்கால்களை அளந்த வேலை. அதற்கு முன்னால் நின்று என்னதான் போட்டோ எடுக்க முடியும்?

அகமதாபாத்திலேயே இருக்கும் செப்ட் இன்னொரு உதாரணம். பி.வி. தோஷி 1962ல் கட்டடக்கலைப் பள்ளியாக ஆரம்பித்த இடம். அங்கே இன்டீரியர் டிசைனுக்குத் தனிப் பள்ளி 1991ல் வந்தது. அதிலிருந்து கிளைத்த கைவினை ஆய்வு மையம், குஜராத் வீடுகளில் இருக்கும் பழைய மரச்சாமான்களை ஊர் ஊராகப் போய் அளந்து, வரைந்து, யார் செய்தது, எப்படிப் பூட்டு இணைப்புப் போட்டது என்று பதிவு செய்தது. பெட்டி, ஊஞ்சல், தொட்டில், தானியக் குதிர். அது ஒரு புத்தகமாகவும் ஆனது. செப்ட்டின் செய்திகளிலும் விருந்தினர் உரைகள் உண்டு, இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் ஸ்டுடியோவில் மாணவர் என்ன செய்தார் என்பதையும் பொதுவில் பார்க்க வைக்கிறார்கள். கீறல், தப்பு எல்லாம் தெரிகிறது. ஃபீஸ்தான் நமக்கு எட்டாது, அது வேறு கதை.

நம் பக்கத்துக்கு வருவோம். பல காலேஜ்களின் செய்தியில் ஆத்தங்குடிப் பயணம் வருகிறது. காரைக்குடி பக்கம் போய், டைல்ஸ் செய்கிறவர்களோடு படம் எடுத்துக்கொண்டு, ஒரு செட்டிநாட்டு வீட்டு வளவில் குழுப்படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள். நல்ல பயணம்தான். கண்ணாடித் தகட்டின் மேல் இரும்புச் சட்டத்தை வைத்து, தகர அச்சின் கட்டங்களுக்குள் வண்ண சிமென்ட் கரைசலை ஊற்றி, அச்சைத் தூக்கிவிட்டு, மேலே உலர்ந்த கலவையைத் தூவி, அதற்கும் மேலே ஈரக் கலவையைப் போட்டு அமுக்கி, தண்ணீரில் ஊறவைத்து எடுத்தால், கண்ணாடி பட்ட முகம் பாலிஷ் போடாமலே மின்னும். பார்க்கப் பார்க்க அலுக்காத வேலை. ஆனால் செய்தியில் எழுதியிருப்பது: "மாணவிகள் பாரம்பரியக் கலையைக் கண்டு வியந்தனர்."

வியந்த பிறகு என்ன? அந்தத் தரையைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பார்கள். அதன் மேல் ஈரக்கால் வைத்தால் என்ன ஆகும்? வயசானவர் நடக்கும் இடத்தில் போடலாமா? வழுக்கலை அளக்க ஜெர்மனியில் ஒரு சோதனை இருக்கிறது. எண்ணெய் தடவிய சாய்தளத்தில் ஆளை நடக்கவிட்டு, எந்தச் சாய்வில் வழுக்குகிறார் என்று பார்த்து ஆர்9 முதல் ஆர்13 வரை தரம் கொடுப்பார்கள். ஆத்தங்குடிக் கல்லை அப்படி ஒரு பலகையில் ஒட்டி, காலேஜ் மொட்டைமாடியிலேயே சாய்த்துப் பார்த்து, முடிவை ஒரு பக்கத்தில் எழுதிப் போட்டால் அது செய்தி. நான் முதல் ஆளாகப் படிப்பேன். அம்மா பாத்ரூமுக்கு டைல்ஸ் மாற்றும்போது அப்படி ஒரு பக்கத்தைத்தான் தேடினேன்.

இதற்கெல்லாம் காலேஜ்களை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. கட்டடக்கலைஞர் என்று போட்டுக்கொள்ள 1972ஆம் வருஷச் சட்டம் இருக்கிறது, கவுன்சிலில் பதிவு செய்யவேண்டும். இன்டீரியர் டிசைனர் என்று நாளைக்கு நானே விசிட்டிங் கார்டு அடிக்கலாம், யாரும் கேட்க மாட்டார்கள். அதே 1972ல் ஆரம்பித்த இன்டீரியர் டிசைனர்கள் சங்கம் ஒன்று உண்டு, ஆனால் அது சங்கம்தான், சட்டப்படியான அமைப்பு இல்லை. மத்திய அரசின் தரவரிசையில் கட்டடக்கலைக்குத் தனிப் பட்டியல் இருக்கிறது, இதற்கு இல்லை. அப்போது ஒரு பெற்றோர் எதைப் பார்த்து நம்புவார்? பேனரைத்தான். நான் பி.ஈ. சேர்ந்தபோது எங்கப்பா லேப் எப்படி இருக்கிறது என்று பார்க்கவில்லை. வாசலில் மாட்டியிருந்த படத்தில் யார் யார் வந்துபோயிருக்கிறார்கள் என்றுதான் பார்த்தார். "பெரிய பெரிய ஆளுங்கல்லாம் வராங்கடா" என்றார். எங்கள் எஞ்சினியரிங் காலேஜ்களின் சாதனைப் பக்கமும் இதே லட்சணம்தான், மறுக்கவில்லை.

பெயரிலும் ஒரு வில்லங்கம் இருக்கிறது. தமிழில் இதை உள்ளலங்காரம் என்றே எழுதுகிறோம். அலங்காரம் என்றால் எல்லாம் முடிந்த பிறகு மேலே சாத்துவது. சாமிக்குச் செய்வது மாதிரி. கதவின் அகலம் அலங்காரத்தில் வராது. எங்கள் டிசைனர் பையன் மேல் எனக்கு வருத்தம் குறைந்ததே இதை யோசித்தபோதுதான். அவனை நாங்கள் அலங்காரத்துக்குத்தான் கூப்பிட்டோம். அவன் படித்த இடத்திலும் அதற்குத்தான் கைதட்டியிருப்பார்கள். இத்தனைக்கும் பொதுக் கட்டடங்களில் கதவின் திறப்பு குறைந்தது 900 மி.மீ. இருக்கவேண்டும் என்று மத்திய அரசின் 2021ஆம் வருஷ வழிகாட்டி நெறிமுறைகள் சொல்கின்றன. வீட்டுக்கு அது கட்டாயமில்லை. ஆனால் வயசாவது வீட்டில்தான்.

தங்கச்சிக்கு போன் பண்ணி, பட்டியலில் இரண்டு காலேஜை மட்டும் நேரில் பார்க்கலாம் என்று சொன்னேன். இரண்டிலும் சாதனைப் பக்கத்தின் அடியில் எங்கேயோ, மாணவர்கள் செய்த அளவுப் படங்கள் ஒன்றிரண்டு ஒட்டிக்கொண்டிருந்தன. அதுதான் காரணம், வேறு ஒன்றும் இல்லை.

போன வாரம் முதல் காலேஜுக்குப் போனோம். ரிசப்ஷனில் காத்திருந்தபோது பொண்ணு காணாமல் போனாள். பார்த்தால், என் பையிலிருந்த டேப்பை எடுத்துக்கொண்டு போய் பெண்கள் டாய்லெட் கதவை அளந்துகொண்டிருக்கிறாள். "மாமா, 27 அங்குலம்" என்று அங்கிருந்தே கத்தினாள். தங்கச்சிக்கு மானம் போய்விட்டது. அந்த வழியாக வந்த ஒரு பேராசிரியை நின்று பார்த்தார். திட்டப்போகிறார் என்று நினைத்தேன். "நிலையோட சேர்த்தா, இல்லாமயா?" என்று கேட்டார். இவள் முழித்தாள். அவரே டேப்பின் இன்னொரு முனையைப் பிடித்துக்கொண்டு, கதவை முழுக்கத் திறந்து வைத்து, திறப்பை மட்டும் அளந்து காட்டினார். 24 வந்தது. "எழுதி வச்சுக்கோ. நாங்களும் பிரின்ஸிபால்கிட்ட சொல்லிட்டுத்தான் இருக்கோம்" என்றார்.

இரண்டாவது காலேஜுக்கு வர்ற வெள்ளிக்கிழமை போகவேண்டும். டேப் அவளிடமே இருக்கிறது.